திரும்பும் திரை பிறந்த கதை

1989 மே 22 காலை, ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து முதல் அக்னி ஏவுகணை கிளம்பியது. தான் எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகம் கூடியிருக்கிறது என்பதையெல்லாம் தனக்குள் இருந்த கருவிகளை வைத்தே அது கணக்கிட்டது. அந்தக் கருவிகளை உருவாக்கும் வேலை நடந்த ஊர் ஹைதராபாத். அங்கே காஞ்சன்பாக்கில் இருக்கும் டி.ஆர்.டி.எல். என்ற ஏவுகணை ஆய்வகத்துக்கு அப்போது அப்துல் கலாம் இயக்குநர். அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரில் இமாரத் ஆராய்ச்சி மையமும் உருவாகியிருந்தது. ஏவுகணைகளுக்கு வழிகாட்டும் கருவிகளைச் செய்வது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

அந்தக் கருவிகளின் மையத்தில் இருப்பவை வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியும் சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப்பும். 1987இல் ஏழு நாடுகள் கூடி ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பட்டியலில் இவை இரண்டும் இருந்தன. பிற நாடுகளுக்கு எளிதில் கொடுக்க மறுத்த பொருள்கள் அவை. இன்று ஹைதராபாதின் அபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்டில் விற்கும் சாதாரண போனுக்குள்ளும் முடுக்கமானி இருக்கிறது. ஏவுகணையில் இருப்பதன் துல்லியம் இதற்குக் கிடையாது. ஆனால் விதி ஒன்றுதான்.

விதி எளியது. ஆர்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர், டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறார். கண்ணை மூடியிருந்தாலும் பஸ் வேகம் குறைந்தது அவருக்குத் தெரியும். முடுக்கமானிக்குள்ளும் அப்படி ஒரு சிறு எடை, மெல்லிய சிலிக்கன் கம்பிகளில் தொங்குகிறது. அதன் ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் நுண்ணிய தகடுகள். எடை நகர்ந்தால் தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மாறும். அவை மின்னேற்றத்தைத் தேக்கும் அளவும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் அளக்கிறது. போன் அசையாமல் இருந்தாலும் புவியீர்ப்பு அந்த எடையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுப்பு போனின் நீளவாக்கில் விழுந்தால் நிமிர்ந்திருக்கிறது, அகலவாக்கில் விழுந்தால் படுக்கையாக இருக்கிறது என்று பொருள்.

முடுக்கமானியைச் சிலிக்கனில் செய்ய வழிகாட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் லின் ராய்லன்ஸும் ஜேம்ஸ் ஏஞ்செலும். 1979இல் அவர்கள் காட்டிய முடுக்கமானி 3 மில்லிமீட்டர் நீளம், 0.02 கிராம் எடை. ஆனால் அது மலிவானது கார்களால். மோதல் நடந்த நொடியிலேயே ஏர்பேக் விரிய வேண்டும்; அதற்கு மோதலை உணரும் மலிவான சிப் லட்சக்கணக்கில் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏடிஎக்ஸ்எல்50 என்ற சிப்பைக் கொண்டுவந்தது இந்தத் தேவைக்காகத்தான்.

அடுத்த அடி 2000இல். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் கென் ஹிங்க்லியும் கூட்டாளிகளும் காசியோவின் கைக்கணினி ஒன்றில் சாய்வை உணரும் முடுக்கமானியைப் பொருத்தி, கருவியைத் திருப்பினால் திரையும் தானே திரும்பும்படி செய்து காட்டினார்கள். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைத் திருப்பிக் காட்டியபோது உலகம் அதை முதல்முறையாகப் பார்த்ததுபோல் கைதட்டியது. 2010இல் ஐபோன் 4 ஜைரோஸ்கோப்பையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், டெஸ்ஸி தாமஸ் திட்ட இயக்குநராக இருந்த அக்னி-4, லேசர் ஜைரோ அடிப்படையிலான முதன்மைக் கருவியோடு நுண் வழிகாட்டல் அமைப்பு ஒன்றையும் துணைக்குச் சுமந்து பறந்தது. சிறிதாக்கும் வேலை ஏவுகணைப் பக்கத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது.

சாய்வை அளந்துவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். போனை மேசைமேல் கிடத்தினால் புவியீர்ப்பு முழுவதும் திரைக்குச் செங்குத்தாக விழுகிறது. நிமிர்ந்ததா படுக்கையா என்று சொல்ல எண்களில் எதுவும் மிஞ்சாது. ஆட்டோவில் குலுங்கினால் புவியீர்ப்பையும் குலுக்கலையும் எடையால் பிரித்தறிய முடியாது. ஆண்ட்ராய்டின் மென்பொருள் எல்லாரும் படிக்கத் திறந்து கிடப்பது. அதில் இதற்கு எழுதியிருக்கும் விதிகளைப் படித்தால் எழுதியவர்களின் அக்கறை புரியும். மொத்த இழுப்பு புவியீர்ப்பைவிட மிகவும் குறைந்தாலோ கூடினாலோ அந்த அளவையே நம்பாதே. தட்டையாகக் கிடந்த போனை எடுத்ததும் அரை நொடி பொறு. 45 டிகிரி தாண்டியதும் திருப்பிவிடாதே. ஏறத்தாழ 67 டிகிரி வரை காத்திரு, திரும்பி வரும்போதும் அதேபோல் தள்ளிப்போடு. இல்லையென்றால் எல்லைக்கோட்டில் பிடித்த போனில் திரை இப்படியும் அப்படியுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே போனைப் பிடித்துப் படிப்பவருக்கென்றே தனி விதி உண்டு: அந்த நிலையில் திரையை மாற்றாதே.

ஒருக்களித்துப் படுப்பவர்தான் இந்த விதிகளுக்கெல்லாம் பிடிபடாதவர். புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது. அவர் கண்களுக்கோ ‘மேலே’ என்பது வேறு திசை. தைவான் ஆய்வாளர்கள் 2012இல் முன்பக்க கேமராவால் முகம் இருக்கும் திசையைப் பார்த்துத் திரையைத் திருப்பும் முறையை முன்வைத்தார்கள். 2021இல் ஆண்ட்ராய்டு 12 வழியாகச் சில பிக்சல் போன்களுக்கு அது வந்தது; முகப்படம் போனை விட்டு வெளியே போகாதபடி அமைத்திருந்தார்கள்.

கேமரா முகத்தைப் பார்ப்பதை விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரை தானே திரும்புவதை நிறுத்திவைத்திருக்கும்போது போனைத் திருப்பினால் மூலையில் சிறு குறி ஒன்று தோன்றும். ஒருக்களித்துப் படிப்பவர் அதைக் கண்டுகொள்ளாமல் படிக்கலாம். படம் பார்ப்பதற்காகத் திருப்பியவர் அதைத் தொட்டால் திரை திரும்பும்.