முடிச்சும் புள்ளியும்

மத்தியப் பிரதேசத்து மந்தஸோரில் ஒரு கல்வெட்டு உண்டு. லாட தேசத்திலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று அங்கே சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், கி.பி. 473-ல் அதைப் புதுப்பித்ததையும் வடமொழிச் செய்யுளில் சொல்வது. அந்த நெசவாளர்களே தங்கள் முன்னோர் என்பது மதுரை ஸௌராஷ்டிரர்களின் நம்பிக்கை. சரித்திரக்காரர்கள் அத்தனை பேரும் இதற்குத் தலையாட்டுவதில்லை. ஆட்டாவிட்டால் போகட்டும்; குஜராத்தின் பாந்தனியும் மதுரையின் சுங்குடியும் உடன்பிறந்தவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதே!

துணியை மடித்துப் புள்ளி குறித்து, நகத்தால் கிள்ளி, நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். சாயத்தில் முக்கி உலர்த்தி அவிழ்த்தால், முடிச்சிருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. உலை கொதிக்கும் நேரத்தில்கூட விரல் ஓயாமல் இதைப் போட்டவர்கள் வீட்டுப் பெண்கள்.

சிவப்புக்குச் சாயவேரும் படிகாரமும் போதும் என்றிருந்தது. 1868-ல் ஜெர்மனியில் க்ரேபே, லீபர்மன் என்ற இருவர் கரித்தாரிலிருந்து அலிஸரின் செய்தார்கள். வேர் தோண்டிப் பிழைத்தவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. மதுரைச் சாயக்காரர்களோ அந்தச் சீமைச் சரக்கையே வாங்கிச் சிவப்பில் பெயரெடுத்தார்கள். 'பழைய இயற்கைச் சாயத்துக்குத் திரும்புவோம்' என்று இன்று உபதேசிப்பவர்கள், பழமையை இவர்கள் ஒருநாளும் கட்டிக்கொண்டு அழவில்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

பிறகு மெழுகு வந்தது. அச்சுக்கட்டையைச் சூடான மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றினால், அந்த இடத்திலும் சாயம் ஏறாது. தத்துவம் ஒன்றுதான், நாட்கணக்கான வேலை மட்டும் மணிக்கணக்காகச் சுருங்கியது. 2005-06-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் கடையில் விரிக்கப்படும் புடவைகளில் முடிச்சுப் பட்டவை சொற்பமே.

வடிவமைப்பாளர்கள் அவுரியும் மாதுளைத் தோலுமாக இக்கலையை மீட்க முனைகிறார்கள். சாயக் கழிவு சாக்கடையில் சேராத வரையில் லாபம்தான். ஆனால், முடிச்சுக்கு யார் கூலி தருவது? கண்ணும் கழுத்தும் நோக உட்கார்ந்தவள், அதைவிடக் கூடுதல் சம்பளம் தரும் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாளென்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அச்சுப் புடவையின் விலைக்கு முடிச்சுப் புடவை கேட்கிற நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

குஜராத்தில் பாந்தனியை முடிச்சு அவிழ்க்காமலே விற்பதுண்டு. வாங்குகிறவள் கண் முன்னால் துணியை இழுத்தால் நூல் பொலபொலவென்று உதிரும். மதுரைக் கடைக்காரர்களும் அப்படி விற்றுப் பார்க்கலாம்.