தொலைக்காட்சியும் சமுதாயக் கடப்பாடும்

நடிகரை விடுத்து, உண்மையான மாந்தரையும் அவர்தம் வாழ்க்கையையும் திரையிற் காட்டும் நிகழ்ச்சிகளை இன்று ‘றியாலிற்றி’ என்னும் ஆங்கிலப் பெயரால் வழங்குகின்றோம். யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் இவை செய்மதி வழியாக வந்து சேர்கின்றன. ஆடலும் பாடலுமே இவற்றுட் பெரும்பகுதி. ஆயினும் சமுதாயக் கடப்பாட்டை மேற்கொண்ட மரபொன்றும் இவற்றினூடே உண்டு. அது தனியார் அலைவரிசைகள் தோற்றுவித்த புதுமையன்று.

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்ரெம்பர் 15இல் தில்லியிற் கல்வி நோக்குடனேயே தொடங்கிற்று. 1967இல் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் கமத்தொழில் நிகழ்ச்சி எழுந்தது. 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செய்மதியொன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பு நிகழ்ந்தது. இவற்றிற் பெரும்பாலும் நகரத்தார் கூறினர், கிராமத்தார் கேட்டிருந்தனர்.

இந்நிலையை மாற்றிய பெருமை குசராத்திலுள்ள கேடா மாவட்டத்துக்கு உரியது. அங்கே பீஜ் என்னும் சிற்றூரில் ஒலி ஒளி பரப்பும் நிலையம் ஒன்றை அமைத்து, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1975இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினர். பாற்கூட்டுறவுச் சங்கங்கள் முதலிய பொதுவிடங்களில் வைத்த பெட்டிகளின் முன் ஊரவர் கூடினர். தீண்டாமை, சீதனம், விதவை மறுமணம், கூலியாளரின் வேதனம் என்பனவே பொருள். கிராமத்தாரே தம் வட்டார வழக்கிற் பேசினர். அவர்தம் முறைப்பாடுகளுக்கு அதிகாரிகள் விடையளிக்க நேர்ந்தது. கேள்வி கீழிருந்து மேனோக்கிச் சென்றமையே இதன் சிறப்பு எனலாம். 1984இல் யுனெஸ்கோவின் கிராமியத் தொடர்பாடற் பரிசும் இதற்குக் கிடைத்தது.

தனியார் ஒளிபரப்புப் பெருகிய பின்னர் எழுந்தவற்றுள் அமீர் கானின் ‘சத்யமேவ ஜயதே’ குறிப்பிடத்தக்கது. 2012 மே 6இல் ஒளிபரப்பான அதன் முதல் நிகழ்ச்சி பெண் சிசுக் கருவழிப்பைப் பற்றியது; விஜய் தொலைக்காட்சியிலே தமிழிலும் வந்தது. துன்புற்றோர் பேசினர், புள்ளிவிவரமும் சட்டமும் உடன் பேசின. இராசத்தான் முதலமைச்சர் அமீர் கானைச் சந்தித்து, இவ்வழக்குகளை விரைவாக விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைக்க உடன்பட்டார். நட்சத்திர நடிகர் ஒருவர் வந்தாலன்றி அரசு செவிசாய்க்கவில்லை என்பது வேறு விடயம்!

சீனத்தின் குனான் தொலைக்காட்சி 2006இல், நகரப் பிள்ளையையும் நாட்டுப்புறப் பிள்ளையையும் சில நாட்கள் இடம் மாற்றி வாழவைத்தது. நோக்கம் நன்றே. ஆயினும் ஏழைப் பிள்ளையின் வறுமை அங்கே செல்வர் பிள்ளைக்குப் பாடநூலாயிற்றோ என ஐயுறாதிருத்தல் அரிது.

அவ்வையம் நம் மொழியில் வலுப்பெறுவது, ஜீ தமிழில் 2011இல் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியிலேயாம். நீதிமன்றப் படியேறப் பொருளும் பொழுதும் இல்லாதோர் அதனை நாடினர் என்பதை மறுத்தலாகாது. ஆனால் இங்கே கேள்வி திசைமாறிற்று. அதிகாரியை நோக்கியன்று, ஏழைப் பெண்ணை நோக்கியே அது எழுந்தது. கணவன் மனைவியர் பிணக்கும், பிள்ளைகளின் பிறப்பும் பல்லாயிரம் வீடுகளில் விசாரணைப் பொருளாயின. அழுகை மிகுந்தவிடத்துப் பார்வையாளரும் மிகுந்தனர் போலும்.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமோ, திறத்தவருள் ஒருவர் விரும்பினும் விசாரணையை மூடிய அறையிலேயே நடத்துதல் வேண்டும் என விதித்துள்ளது. 2018 யூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.