மூலைகள் ஏன் இருள்கின்றன? – அகல்கோண லென்சின் வரலாறு

ஒரு சிறிய அறையின் மூலையில், முதுகு சுவரில் முட்டும்படி நின்றுகொண்டு, அறை முழுவதையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. பிலிம் காமிராவில் வழக்கமாகப் பொருத்தப்படும் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 பாகைக் கோணத்தையே காணும். பின்னால் நகர இடமில்லை. எனவே லென்சைத்தான் மாற்ற வேண்டும். குவியத் தூரம் குறையக் குறைய லென்ஸ் காணும் கோணம் விரியும் என்பது நாம் அறிந்ததே. படத்தின் மூலைவிட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால் 28 மி.மீ. லென்சுக்கு 75 பாகை, 21 மி.மீ. லென்சுக்கு ஏறத்தாழ 92 பாகை, 15 மி.மீ. லென்சுக்கு 110 பாகை கிடைக்கும்.

லைக்கா போன்ற தொலைமானிக் காமிராக்களில் இன்றும் பிலிம் போட்டுப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இத்தகைய மிகை அகல்கோண லென்ஸ் ஒன்றை வாங்கப் போகிறார் எனில், உள்ளங்கையில் மறையும் சிறு லென்சும், அதே கோணத்தைக் காணும் பருத்த லென்சும் அவர் முன்னே இருக்கும். விலை ஒருபுறம் இருக்கட்டும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டுக்கும் உருவத்தில் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை காண நாம் 1900-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அந்த ஆண்டில் பெர்லின் நகரத்துக் கெர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ஃபான் ஹோக் என்பவர் ஹைப்பர்கான் என்னும் லென்சை அமைத்தார். அதில் இருந்தவை இரண்டே கண்ணாடி வில்லைகள். ஒவ்வொன்றும் தேங்காய்ச் சிரட்டையின் பாதிபோல் வளைந்தது. இரண்டின் குழிந்த பக்கங்களும் ஒன்றையொன்று நோக்கியிருக்க, நடுவில் ஒரு சிறு துளை. இவ்வளவு எளிய அமைப்பு 130 பாகைக்கும் மேற்பட்ட கோணத்தைக் கண்டது. முன்பாதியும் பின்பாதியும் சமச்சீராக இருந்தால், முன்பாதி செய்யும் உருவத் திரிபைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து நீக்கிவிடும். கட்டடத்தின் நேர்க்கோடுகள் படத்திலும் நேர்க்கோடுகளாகவே விழும். மற்றக் குறைகள் நீங்காததால் துளையை எஃப் 22 என்ற அளவுக்குச் சுருக்கியே படமெடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் துளையைச் சுருக்கித் தீர்க்க முடியாத ஒரு குறையும் இருந்தது. படத்தின் நடுவில் வெளிச்சம், ஓரங்களில் இருட்டு. இதன் காரணத்தைக் கல்லூரி மாணவர்கள் தாமே வருவித்துப் பார்க்கலாம். அச்சுடன் ஒரு கோணம் சாய்ந்து செல்லும் ஒளிக்கற்றையை எண்ணிக்கொள்ளுங்கள். துளையிலிருந்து படத்தின் மூலை, நடுவைவிடத் தொலைவில் உள்ளது. எதிர்விகித இருமடி விதிப்படி அதனால் கொசைனின் இருமடி அளவுக்கு ஒளி குறைகிறது. மூலையிலிருந்து பார்த்தால் வட்டத்துளை நீள்வட்டமாகச் சுருங்கித் தெரியும். இதனால் இன்னொரு கொசைன். ஒளி பிலிமின்மீது சாய்வாக விழுந்து பரவுகிறது. அதனால் மற்றொரு கொசைன். ஆக மொத்தம் நான்கு. இதுவே கொசைன் நான்மடி விதி. 45 பாகையில் நடுவில் விழுவதில் நான்கில் ஒரு பங்கு ஒளியே விழும். ஹைப்பர்கானின் விளிம்பில், அதாவது 65 பாகையில், முப்பதில் ஒரு பங்குதான்!

இதற்குக் கண்ட பரிகாரம் வேடிக்கையானது. லென்சின் முன்னே நட்சத்திர வடிவில் ஒரு சிறு தகட்டை வைத்தார்கள். ரப்பர்க் குமிழை அழுத்திக் காற்றை ஊதினால் அது காற்றாடிபோல் சுழன்று நடுப்பகுதிக்குச் செல்லும் ஒளியை மறைக்கும். ஒளி படும் நேரத்தில் ஒரு பகுதி அது சுழலும்; பிறகு விலக்கப்படும். ஓரத்துக்கு ஒளியைக் கூட்ட வழியில்லாததால் நடுவில் குறைத்துவிட்டார்கள்.

இதே சமச்சீர் வழியில் 1933-ல் ஜேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ராபர்ட் ரிக்டர், நான்கு வில்லைகள் கொண்ட டோபோகான் லென்சை அமைத்தார். விமானத்திலிருந்து நிலப்படம் எடுப்பதே அதன் பணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே அமைப்பு 25 மி.மீ. குவியத் தூரத்துக்குச் சுருங்கி கான்டாக்ஸ் தொலைமானிக் காமிராவுக்கு வந்தது. 1953-ல் ஜப்பானின் நிக்கான் நிறுவனமும் ஒன்று செய்தது. அளவில் மிகச் சிறியவை இவை. ஓரத்து இருட்டு மட்டும் அப்படியே இருந்தது.

நான்கு கொசைன்களில் ஒன்றையாவது நீக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரத்து மிகயீல் ருசினோவ். 1946-ல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், முன்னும் பின்னும் பெரிய குழிவில்லைகள் நின்றன. அவற்றின் வழியே சாய்வாக நோக்கினால் நடுத்துளை நீள்வட்டமாகச் சுருங்குவதில்லை; நம் பக்கம் திரும்பிக்கொண்டது போல ஏறக்குறைய வட்டமாகவே தெரிகிறது. துளை சுருங்காதபோது அதற்குரிய கொசைனும் இல்லை. 45 பாகையில் நான்கில் ஒரு பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. இயற்கை விதியை அவர் மீறவில்லை. விதியின் ஒரு காரணியை மாற்றியமைத்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவர் வகுத்த 20 மி.மீ. ருஸார் லென்ஸ், லைக்கா திருகுப் பொருத்தத்தில் 1958-ல் உற்பத்திக்கு வந்தது. 2014-ல் லோமோகிராஃபி நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டது.

மேற்கில் லுட்விக் பெர்ட்டலே இதே பாதையில் சென்று 21 மி.மீ. பயோகான் லென்சை உருவாக்கினார். 1954-ல் அது கான்டாக்ஸ் காமிராவுக்குக் கிடைத்தது. துளை எஃப் 4.5, கோணம் 90 பாகை, ஓரங்கள்வரை கூர்மை. 1958-ல் லைக்காவுக்கு ஷ்னைடர் நிறுவனத்தின் 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் வந்தது. 1963-ல் அதைவிட ஒளிமிக்க எஃப் 3.4 வடிவம் வந்தது.

இந்த லென்சுகள் எல்லாம் தொலைமானிக் காமிராக்களுக்கே வந்தது தற்செயல் அன்று. தொலைமானிக் காமிராவில் நாம் நோக்குவது தனிச் சாளரத்தின் வழியே. லென்சுக்கும் பிலிமுக்கும் இடையே ஷட்டர் திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. சமச்சீர் லென்சின் பின்பகுதி பிலிமின் அருகிலேயே சென்று நிற்கலாம். ரிஃப்ளெக்ஸ் காமிராவிலோ அந்த இடத்தில் மேலும் கீழும் ஆடும் கண்ணாடி உள்ளது. நிக்கான் எஃப் காமிராவில் லென்ஸ் பொருந்தும் வளையம் பிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளியிருக்கிறது; லைக்கா எம் வகையில் 27.8 மி.மீ. மட்டுமே. கான்டாரெக்ஸ் என்னும் ரிஃப்ளெக்ஸ் காமிராவில் பயோகானைப் பொருத்த விரும்பியவர்கள் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டியிருந்தது. அப்புறம் அது என்ன ரிஃப்ளெக்ஸ்!

கண்ணாடிக்கு இடம்விட வேண்டுமானால் முன்னால் பெரிய குழிவில்லையை வைத்து, பிம்பத்தை இயல்பைவிடப் பின்னால் தள்ள வேண்டும். லென்சுக்குப் பின்னே முப்பட்டகம் கொண்டிருந்த டெக்னிகலர் திரைப்படக் காமிராவுக்காக 1931-ல் இங்கிலாந்தின் ஹெச். டபிள்யூ. லீ இப்படி ஒன்றைச் செய்தார். 1950-ல் பிரான்சின் பியேர் ஆஞ்செனியூ புகைப்படக் காமிராவுக்குச் செய்து ரெட்ரோஃபோகஸ் என்று பெயரிட்டார். அதுவே அந்த வகைக்கும் பெயராயிற்று. முன்னும் பின்னும் ஒவ்வாத அமைப்பு ஆதலால் உருவத் திரிபு தானாக நீங்காது. கூடுதல் வில்லைகளால் திருத்த வேண்டும். லென்ஸ் பருக்கும். ஆனால் ஒளிக்கதிர்கள் அவ்வளவு சாய்வாக விழாததால் மூலைகள் குறைவாகவே இருளும். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: சிறிய லென்ஸ் சமச்சீர் மரபைச் சேர்ந்தது, பருத்தது ரெட்ரோஃபோகஸ் மரபைச் சேர்ந்தது.

பிலிமை நெருங்குவதிலும் ஒரு தொல்லை உண்டு. 1971-ல் வந்த லைக்கா எம்-5 காமிராவில் லென்சின் பின்னே ஒரு சிறு கையில் ஒளிமானி இருந்தது. சூப்பர் ஆங்குலானின் பின்பகுதி அதற்கு இடம்விடவில்லை. அந்த லென்சோடு அந்த ஒளிமானியைப் பயன்படுத்த இயலாது. 1980-ல் லைக்கா வெளியிட்ட 21 மி.மீ. எல்மாரிட் எஃப் 2.8 ரெட்ரோஃபோகஸ் வகையாக இருந்தது. கண்ணாடி இல்லாத காமிராவுக்கும் அந்த வகை வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சமச்சீர் மரபின் உச்சியைத் தொட்டது சைஸ் நிறுவனத்தின் எர்ஹார்ட் கிளாட்ஸல் வகுத்த ஹோலோகான். 15 மி.மீ., 110 பாகை, மூன்றே வில்லைகள். துளை எஃப் 8. அதை மாற்ற முடியாது. பின்வில்லை பிலிமிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் நின்றது. இதற்கென்றே தனிக் காமிரா 1969-ல் விற்பனைக்கு வந்தது. கோடுகள் அத்தனை நேராக விழுந்தன. ஆனால் 55 பாகையில் கொசைன் நான்மடி, பத்தில் ஒரு பங்கு. ஆகவே நடுவில் கருமையாகவும் ஓரத்தில் தெளிவாகவும் உள்ள வடிகட்டி ஒன்றை முன்னே மாட்டினார்கள். மாட்டியதும் எஃப் 8 என்பது எஃப் 16 போலாகிவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே நட்சத்திரத் தகடு!

பிறகு 1999-ல் ஜப்பானின் கொசினா நிறுவனம் வாய்க்லாண்டர் என்ற பழம்பெரும் பெயரில் 15 மி.மீ. ஹெலியார் எஃப் 4.5 லென்சைக் கொண்டு வந்தது. எட்டு வில்லைகள், அவற்றுள் கோளமல்லாத வளைவும் உண்டு. எடை நூறு கிராமைச் சற்றே தாண்டும். தொலைமானியோடு அதற்கு இணைப்பில்லை என்பதைக் குறையாகச் சொன்னவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். குவியத் தூரத்தின் இருமடியை எஃப் எண்ணாலும், அனுமதிக்கத்தக்க மங்கல் வட்டமான 0.03 மி.மீ. அளவாலும் வகுத்தால், 15 மி.மீ. லென்சுக்கு எஃப் 8-ல் 94 செ.மீ. வரும். அந்தத் தூரத்தில் நிறுத்திவிட்டால் சுமார் 47 செ.மீ. முதல் முடிவிலிவரை எல்லாம் தெளிவாக விழும். 50 மி.மீ. லென்சுக்கு இதே கணக்கு 10 மீட்டருக்கும் மேல் போகும்.

2006-ல் லைக்காவின் டிஜிட்டல் எம்-8, 2009-ல் முழுச்சட்ட எம்-9 வந்தபின் நிலைமை மாறியது. டிஜிட்டல் உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு நுண்வில்லை உண்டு. மிகச் சாய்ந்து வரும் கதிரை அது சரியாக ஏற்பதில்லை. படத்தின் ஓரங்கள் இருண்டதோடு நிறமும் மாறின. இதற்காக 2015-ல் ஹெலியாரின் மூன்றாம் வடிவத்தைக் கதிர்கள் சாய்வு குறைந்து விழும்படி மாற்றினார்கள். எடை முதல் வடிவத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. பிலிமுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிலிம் மட்டுமே போடுபவர் அந்தக் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டிய தேவையில்லை.

ஆகவே, கறுப்பு வெள்ளை நெகட்டிவில் கட்டடங்களையும் குறுகிய தெருக்களையும் எடுப்பவரானால் சமச்சீர் வகையைச் சேர்ந்த சிறிய லென்சையே நான் சொல்வேன். மூலை இருட்டை அச்சிடும்போது பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடு பிலிமுக்கு அந்த வசதி இல்லை; காமிராவின் உள் ஒளிமானியையே நம்பியிருப்பவருக்கும் ரெட்ரோஃபோகஸ் வகையே ஏற்றது. 21-ஆ 15-ஆ என்பது வேறு கேள்வி. நேர்க்கோடுகளை நேராகக் காட்டும் எந்த லென்சும் ஓரத்திலுள்ள உருண்டைப் பொருளை வெளிநோக்கி இழுக்கும். 21 மி.மீ. லென்சின் மூலையில் ஒரு தலை 1.4 மடங்கு நீளும், 15 மி.மீ. லென்சில் 1.75 மடங்கு. இதில் லென்சின் குற்றம் ஏதுமில்லை, வடிவியல் அப்படி. மனிதர்களையும் சேர்த்து எடுக்கிறவருக்கு 21 போதும்.

காமிராவின் சொந்தச் சாளரம் இவ்வளவு அகலத்தைக் காட்டாது. மேலே தனிக் காட்சிச் சாளரம் ஒன்றைச் செருக வேண்டும். அது லென்சுக்குச் சற்று மேலே இருப்பதால் மிக அருகிலுள்ள பொருள்கள் சாளரத்தில் தெரிவதும் படத்தில் விழுவதும் ஒன்றாயிரா. லென்சின் முன்விளிம்பை ஒட்டி விரல் இருந்தால் சாளரத்தில் தெரியாது, படத்தில் தெரியும். ஹோலோகான் காமிராவுக்குத் துப்பாக்கிப் பிடிபோல் ஒரு கைப்பிடி கொடுத்திருந்ததன் காரணமும் அதுதான்.