முடித்தவர் கணக்கும் வந்தவர் கணக்கும்

குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் இடையே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை நின்றால் காசு நஷ்டம். பழுது பார்க்க, இடுப்பில் பெல்ட் மாட்டிக் கோபுரத்துக்குள் ஏணி ஏற ஆள் வேண்டும். அதற்கு ஐடிஐ, டிப்ளமா கேட்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற உள்ளூர்ப் பையனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடியில் காவல் வேலைதான்.

இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியது. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இதைப் பல ஊர்களுக்குப் பரப்பினார். முதலில் வாழ்க்கைத் திறன், பிறகு தொழில், அதன்பின் தொழிற்கூடப் பயிற்சி. மதிப்பெண்ணை ஆசிரியரோடு சக மாணவரும், வேலை கொடுத்த மேற்பார்வையாளரும், ஏன், மாணவரே கூடப் போடலாம். இடையில் படிப்பை விட்டவரை உள்ளே இழுப்பதே நோக்கம்.

கலிபோர்னியாவில் இதே பெயருடைய கல்லூரிகள் அரசுப் பணத்தில் செழித்தவை. 1984 வரை கட்டணமே இல்லை. 1978இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு வந்தபின் கையிருப்பு சுருங்கியது. ஒரு யூனிட்டுக்கு 5 டாலரில் தொடங்கிய கட்டணம் 2012இல் 46 ஆனது. 2008 மந்தத்துக்குப் பின் வகுப்புகளை வெட்டியதில் மாணவர் எண்ணிக்கை 29 லட்சத்திலிருந்து 24 லட்சமாகச் சரிந்தது. 2012இல் வந்த விதியோ, படிப்புத் திட்டம் வகுத்தவருக்குச் சேர்க்கையில் முன்னுரிமை என்றது. ஆசைக்கு ஒரு பாடம் படிக்க வந்த முதியவர் வரிசையின் வாலுக்குப் போனார்.

நம் கதை வேறு. இங்கே வெட்டுவதற்கு அரசுப் பணமே பெரிதாக இல்லை; வந்ததும் நிலைக்கவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 2009இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் மூன்றே ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2013இல் மத்திய அரசு 200 சமுதாயக் கல்லூரிகளை அறிவித்து, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வழியே பணம் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் வந்தது. படிநிலை, கிரெடிட், பயன்பாட்டுச் சான்றிதழ் என்று கேள்விகள் நீண்டன. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த கல்லூரிகளுக்குள் ஒரு துறையாகத் திட்டம் ஒண்டிக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம்தான்: பள்ளியையே முடிக்காதவர் கல்லூரி வளாகத்துக்குள் கால் வைக்கத் தயங்குவார்.

கணக்குக் கேட்பது தவறு என்று சொல்ல வரவில்லை. எதைக் கணக்கெடுக்கிறோம் என்பதில்தான் தகராறு. தோவாளையில் பூக்கட்டும் பெண் ஒருத்தி மூன்று மாதம் வந்து, வரவுசெலவு எழுதவும் கைபேசியில் பணம் வாங்கவும் கற்றுக்கொண்டு போய்விட்டால், பதிவேட்டில் அவள் இடைநின்றவள். தோவாளை மாணிக்கமாலை என்ற பூமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கட்டுகிறவளுக்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை.

இந்த இடத்தில் கலிபோர்னியா நம்மைவிடக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2018இல் கொண்டுவந்த நிதி வாய்பாட்டில் சுமார் 70 விழுக்காடு சேர்க்கைக்கு, 10 விழுக்காடுதான் தேர்ச்சிக்கு. மீதி 20 விழுக்காடு உதவித்தொகை பெறும் ஏழை மாணவரைச் சேர்த்துக்கொள்வதற்கு. உள்ளே வந்தவர் யார் என்பதற்கும் அங்கே விலை உண்டு.

பணத்துக்குக் காற்றாலை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்களுக்கு அது சராசரி லாபத்தில் 2 விழுக்காடு. கேட்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்திலும் எத்தனை பேருக்கு வேலை வாங்கித் தருவீர்கள் என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். முதல் பருவத்தில் நடக்கும் வாழ்க்கைத் திறன் வகுப்புக்கு அதில் என்ன பதில் எழுதுவது?