மாடி குடித்த வெல்லத் தண்ணீர்

கத்திரி வெயில் சமயத்தில் ராத்திரி டி.வி. செய்தியைக் கவனித்திருப்பீர்கள். 'இன்று சதம் அடித்த ஊர்கள்' என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். வேலூர், திருச்சி, மதுரை... அந்த வரிசையில் அடிக்கடி தலைகாட்டும் ஓர் ஊர், திருத்தணி!

வேடிக்கை என்னவென்றால், 'தணிந்த இடம்' என்பதுதான் அந்த ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். போரெல்லாம் முடிந்து முருகனின் சினம் தணிந்த மலை என்கிறது தலபுராணம். முருகனுக்குத் தணிந்தது. ஊருக்குத் தணியவில்லை! கடற்காற்று வந்து சேர்வதற்குள் களைத்துப்போகும் தூரம். சுற்றிலும் பாறைக் குன்றுகள். ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960-ல் ஆந்திராவிலிருந்து திருத்தணி நம் பக்கம் வந்தது. அந்த வெயிலும் சேர்ந்தே வந்தது!

இந்த ஊரில் வீடு கட்டுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு பூகோள சமாசாரம். திருத்தணி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஆகவே வருஷத்தில் இரண்டு நாள் (ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒன்று) நடுப்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கொடிக்கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. நடுவில் உள்ள மாதங்களிலும் கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான். அதாவது, உங்கள் வீட்டின் சுவர்களைவிட மொட்டை மாடியில்தான் வெயிலின் முழு அடியும் விழுகிறது.

எவ்வளவு அடி? உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய 1,000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டி! மாடி 1,000 சதுர அடி என்றால், சுமார் 90 இஸ்திரிப் பெட்டிகளை மேலே வரிசையாகக் கவிழ்த்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நீங்கள் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறீர்கள்.

சரி, ஏ.சி. இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

அதற்கு ஒரு வெள்ளைக்காரர் சாட்சி சொல்கிறார். பெயர் ஐசக் பைக். கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். (பிற்பாடு நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்தார்களே, அதே தீவுதான்!) இவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார். அது 1732 வாக்கில் அச்சானது. சில வருஷங்களுக்கு முன்புவரை ஐசக் நியூட்டன் தலைவராக இருந்த சங்கம் அது. அப்பேர்ப்பட்ட இடத்தில் பைக் எழுதிய விஷயம் என்ன தெரியுமா? மெட்ராஸில் சாந்து குழைப்பது எப்படி!

அவர் தந்த குறிப்பு, சமையல் புத்தகம் மாதிரி இருக்கும். மணல் 15 புஷல், சுண்ணாம்பு 15 புஷல் (ஒரு புஷல் என்பது சுமார் 36 லிட்டர்). தண்ணீர் விட்டு நீர்த்துப்போக வைத்து, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு 20 பவுண்டு வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து அடிக்க வேண்டும். அப்புறம், கொள்ளைக் கூழாக வேகவைத்து வடிகட்டிய தண்ணீர். கடுக்காயையும் அதேபோல வேகவைத்து எடுத்த தண்ணீர். உயர்ந்த ரகப் பூச்சு வேண்டுமென்றால் முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர்!

சிரிக்காதீர்கள். இதில் ரசாயனம் இருக்கிறது. சர்க்கரை சேர்ந்த தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். கடுக்காயில் துவர்ப்பைத் தரும் டானின் உண்டு. நம்ம கொத்தனாருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால், எதைச் சேர்த்தால் தளம் வெடிக்காது, எதைச் சேர்த்தால் தண்ணி இறங்காது என்பது தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த பாடம்.

இந்தச் சுண்ணாம்பு வித்தையின் உச்சம்தான் 'மெட்ராஸ் டெரஸ்'. ஓர் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் கூரை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதித் தொகுப்பிலேயே இந்தப் பெயரில் ஒரு தனி விதி இருக்கிறது என்றால் பாருங்கள்!

செய்முறை இதுதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். அதற்கு மேலே மெல்லிசான சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல், நிற்க வைத்து, கோணலாக வரிசை கட்டுவார்கள். சாந்து சுண்ணாம்புதான். அதற்கு மேலே மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். இதன் மேல் வெல்லத் தண்ணியும் கடுக்காய்த் தண்ணியும் தெளித்து, மரக்கட்டையால் தட்ட வேண்டும். அதுவும் ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, ஒரு வாரம்கூட ஆகும். பெரும்பாலும் பெண்கள்தான் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவார்கள். அடித்த கட்டை எகிறித் திரும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு ஒட்டி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு.

விளைவு? வெயில் இந்தக் கனத்தைச் சூடேற்றி உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு செங்கல் ஜல்லிக்குள் ஏகப்பட்ட நுண்ணிய ஓட்டைகள். அவற்றில் சிறைப்பட்ட காற்று. சிறைப்பட்ட காற்றுக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. மரத்தூள், தெர்மோகோல், குளிர்நாட்டுக் கம்பளி எல்லாவற்றின் ரகசியமும் இதே காற்றுதான்.

இன்னும் ஒரு காவலன், அந்த வெள்ளை நிறம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வெறுங்காலோடு மலையேறும் பக்தரைக் கேளுங்கள், சொல்வார். கோயில் பிராகாரங்களில் கருங்கல் தரைமேல் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்களே... கருங்கல்லில் வைத்த கால் துள்ளும். வெள்ளையில் வைத்த கால் நிற்கும். புதுச் சுண்ணாம்பு, வெயிலில் முக்கால் பங்கு வரை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ஒரே வெயில், ஒரே கல், நடுவே ஒரு பூச்சுதான் வித்தியாசம்.

இவ்வளவு நல்ல கூரை எப்படிக் காணாமல் போச்சு?

முதலில் மரம் போனது. நல்ல தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்து கொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அந்த வழி அடைபட்டது. இன்னொரு பக்கம் சிமென்ட் வளர்ந்தது. 1904-ல் இதே மெட்ராஸில் கடல் சிப்பியை வைத்து சிமென்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொழில் காலூன்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பியும் கான்கிரீட்டும்தான் 'நவீன வீடு' என்றாகிவிட்டது. கறையான் அரிக்காது, மேலே இன்னொரு மாடி எழுப்பலாம், சில வாரத்தில் சென்ட்ரிங் பிரித்துவிடலாம். ஒரு வாரம் உட்கார்ந்து கட்டை தட்ட யாருக்குப் பொறுமை?

ஆரம்பத்தில் கான்கிரீட் மேலேயும் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 'செலவு மிச்சம்' என்று அதுவும் மெல்ல மெல்லக் கழன்றது. மிஞ்சியது நாலைந்து அங்குல மொட்டைக் கான்கிரீட். இது சூட்டைச் சில மணி நேரத்தில் உள்ளே கடத்திவிடும். மத்தியானம் வாங்கியதைச் சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை அறைக்குள் கக்கும். ஃபேனைப் போட்டால் அந்த அனலையே அள்ளி முகத்தில் வீசும். அப்புறம்தான் ஏ.சி., அப்புறம்தான் கரன்ட் பில்!

ஏ.சி. வாங்க முடிந்தவர் தப்பித்தார். முடியாதவர்? நம் கிராமங்களில் ஓலைக் குடிசைகளை மாற்றி கான்கிரீட் வீடு கட்டித்தரும் திட்டங்கள் 2010-லும் 2011-லும் பெரிய அளவில் வந்தன. 2011 திட்டத்தில் ஒரு வீடு 300 சதுர அடி. தீப்பிடிக்காது, ஒழுகாது, பாம்பு விழாது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால், ஓலைக்குள் இருந்த காற்றோடு ஓலையின் குளுமையும் போய்விட்டது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்தவர் பாடு இன்னும் மோசம். அங்கே வெயிலுக்கும் தலைக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு தகடு.

இது வெறும் புழுக்கப் பிரச்னை இல்லை. 2010 மே மாதம் ஆமதாபாத்தில் அனல் காற்று வீசியபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த நகரம் விழித்துக்கொண்டு 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் போட்டது. 2017-ல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது.

மேற்கு நாடுகளுக்கு இந்த ஞானம் பிறந்த கதை வேறு. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, விலை நாலு மடங்கானது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவே எண்ணெயை எரித்தவர்கள் அரண்டு போனார்கள். கனடாவில் ரெஜைனா நகரில் 1977-ல் கனத்த உறை போட்ட ஒரு மாதிரி வீடு எழும்பியது. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய 'பாசிவ் ஹவுஸ்', சூடேற்றும் செலவைச் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அவர்கள் சூட்டை வெளியே விடாமல் பூட்டுகிறார்கள். நாம் உள்ளே விடாமல் பூட்ட வேண்டும். பூட்டு ஒன்றுதான்.

நம் நாட்டிலும் 2018-ல் வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்றொரு விதிமுறை வந்தது. கூரை வழியாக, ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக் கூடாது என்பது அதன் கணக்கு. வெறும் கான்கிரீட் இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இறக்கிவிடும். நியாயமாகச் சொன்னால், நம்ம வெல்லத் தளமும் இந்தப் பரீட்சையில் தனியாகப் பாஸ் ஆகாது. உயரமான கூரை, முற்றம், சுவர் உச்சியில் சூடு வெளியேறும் துவாரம், மேலே வெள்ளை என்று கூட்டாளிகளோடு சேர்ந்துதான் அது வீட்டைக் குளிர வைத்தது.

ஆகவே பழைய கூரையை அப்படியே திரும்பக் கட்டச் சொல்லவில்லை. அதன் புத்தியை எடுத்துக்கொள்ளலாம். கேரளாவில் குடியேறி 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைத்தான் செய்தார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் பாரம் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் இடத்தைத்தான் அடைக்கிறது. அந்த இடத்தில் பழைய ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து வார்த்தார். சிமென்ட்டும் மிச்சம், ஓட்டுக்குள் காற்றும் சிறைப்பட்டது!

ஏற்கெனவே கட்டிய வீடா? ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் இன்றும் போடலாம். மண்குடங்களைக் கவிழ்த்து அடுக்கி மேலே தளம் போடுவோரும் உண்டு. ஒன்றுக்கும் வசதியில்லை என்றால், கோடைக்கு முன் மாடியைப் பெருக்கிக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மழை கரைத்துவிடும்தான். அடுத்த வருஷம் மறுபடி அடியுங்கள். வாடகைக்கு இருப்பவர்கூட வீட்டுக்காரரிடம் இந்த ஒன்றைத் துணிந்து கேட்கலாம்.

புது வீடு கட்டுகிறீர்களா? "தளம் முடிஞ்சுது சார், ஹாலுக்கு என்ன கலர்?" என்று மேஸ்திரி கேட்பார். கலரெல்லாம் அப்புறம். "மேலே என்ன போடப் போறீங்க மேஸ்திரி?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள்!