வெண்டைக்காய்ச் சமையலில் தமிழ், சீன முறைகள்: பழவேற்காடு முதல் சிங்கப்பூர் வரை

ஆய்வுச் சுருக்கம்

வெண்டைக்காயின் வழுவழுப்பைத் தமிழ், சீனச் சமையல்கள் வெவ்வேறு வழிகளில் கையாள்கின்றன. அவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு, அவை சிங்கப்பூர் மீன்தலைக் கறியில் சந்திக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் உணவை ஓர் இனத்திற்கு மட்டும் உரிமையாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வெண்டை, புளி, மீன்தலைக் கறி, பழவேற்காடு, சிங்கப்பூர், ஹக்கா.

முன்னுரை

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அனுப்பம்பட்டு. அதன் வடகிழக்கே விரியும் பழவேற்காட்டு ஏரி தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவானது. 1613இல் டச்சுக்காரர் இங்கு கெல்டிரியா கோட்டையை நிறுவினர். சோழமண்டலக் கரைத் துணிகள் இவ்வழியே தென்கிழக்காசியா சென்றன. சரக்குகளின் பயணம் ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியுள்ளது. அடுப்பறையின் பயணத்தைச் சொற்களிலும் செய்முறைகளிலும் தேட வேண்டியுள்ளது.

பெயர் தரும் சான்று

தமிழில் ‘வெண்டை’ என வகரத்தில் தொடங்கும் சொல், தெலுங்கில் ‘பெண்ட’ என ஒலிப்புடைப் பகரத்தில் தொடங்குகிறது. ஏரியின் இரு கரைகளிலும் இவ்விரு வடிவங்களும் அண்டை வழக்குகள். மலாய் மொழியின் ‘பெண்டி’ இந்திய மொழிகளின் வழியே சென்ற சொல். அதன் ஒலியமைப்பு தமிழ் வடிவத்தைவிட இந்தியின் ‘பிண்டி’க்கு நெருங்கியது. ஆதலின் அதனைத் தமிழ்க்கொடை என்று விரைந்து உரிமை கொண்டாடுதல் தகாது. சிங்கப்பூர், மலேசியச் சீனரோ அக்காயின் வடிவம் நோக்கி ‘ஆட்டுக்கொம்பு அவரை’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

தமிழ் முறை: உலர்வும் புளிப்பும்

வெண்டையின் வழுவழுப்புக்குக் காரணம் அதிலுள்ள பல்சர்க்கரைகள். அவை நீரில் கரைந்து கொழகொழப்பாகின்றன. புளிப்பு கூடும்போது அக்கொழகொழப்புக் குறைகிறது. தமிழ்ச் சமையல் இதனை அனுபவத்தால் அறிந்துள்ளது. காயை முழுதாகக் கழுவி, துடைத்து உலர்த்திய பின்னரே நறுக்குவர். பொரியலுக்கு மூடாத வாணலியில் வதக்குவர். குழம்புக்கு எண்ணெயில் வதக்கிப் புளிக்கரைசலில் இடுவர். மோர்க்குழம்பில் தயிரின் புளிப்பு அவ்வேலையைச் செய்கிறது. மடவையும் இறாலும் கிடைக்கும் ஏரிக்கரையில் மீன்குழம்புக்கும் புளியே அடிப்படை. எனவே மீனும் வெண்டையும் ஒரே சட்டியில் சேர்வதற்குத் தேவையான ஊடகம் தமிழ் அடுப்பில் முன்னரே உருவாகியிருந்தது.

சீன முறை: முழுமையும் நிரப்புதலும்

மலாயாச் சீனர் சமையலில் வழுவழுப்பு நீக்கப்படுவதில்லை; காய்க்குள்ளேயே அடக்கப்படுகிறது. முழுக்காயைக் கொதிநீரில் சிறிது நேரம் இட்டெடுத்து, சோயாச் சாறும் வறுத்த பூண்டும் சேர்ப்பது ஒரு முறை. மற்றொன்று ஹக்கா மக்களின் ‘யோங் தௌ ஃபூ’. சோயாப் பாலாடைக்கட்டியில் நிரப்புப் பொருளை அடைக்கும் இம்மரபு, மலாயாவில் வெண்டை, கத்தரி, பாகல், மிளகாய் ஆகியவற்றுக்கும் விரிந்தது. காயை நீளவாக்கில் கீறி, அரைத்த மீனை அடைத்து வேகவைப்பர் அல்லது பொரிப்பர். இங்கும் மீனும் வெண்டையும் இணைகின்றன. ஆனால் குழம்பில் அன்று, காயின் உள்ளே.

சந்திப்பு: மீன்தலைக் கறி

சிங்கப்பூரில் மீன்தலைக் கறியை அறிமுகப்படுத்தியவராகக் கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமஸ் பொதுவாகக் குறிக்கப்படுகிறார், காலம் 1949. மீன்தலையைச் சுவைமிக்க பகுதியாகக் கருதிய சீன வாடிக்கையாளரை ஈர்ப்பது அவர் நோக்கம் என்பர். பின்னர் 1969இல் தொடங்கிய ‘முத்தூஸ் கறி’ முதலிய உணவகங்கள் இதனைப் பரவலாக்கின. சீனச் சமையற்காரர்கள் மசாலாவைக் குறைத்து, புளிப்பை மிகுத்துத் தம் வடிவத்தை உருவாக்கினர். இரு வடிவங்களிலும் வெண்டை இடம்பெறுகிறது. காம்பு நீக்கிய முழுக்காயாகவோ பெருந்துண்டாகவோ அது இடப்படுவதைச் சீனத் தாக்கம் என்று மட்டும் கொள்ள இயலாது. பிஞ்சை முழுதாக இடும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் உண்டு. உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றே: குழம்பின் புளிப்புத் தென்னிந்திய அடுப்பினது, தலையை விரும்பிக் கேட்ட நா சீனருடையது.

முடிவுரை

2020இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. மரபுரிமை ஏற்பு பெருகும் இக்காலத்தில் ‘இந்திய உணவு’, ‘சீன உணவு’ என்னும் பெயர்ச்சீட்டுகள் வலுப்பெறுகின்றன. மலையாளி ஒருவர் சீனருக்காகச் சிங்கப்பூரில் சமைத்து, தமிழர் பரப்பிய உணவை அச்சீட்டுகள் விளக்கா. உணவின் வரலாற்றை இனப்பெயரால் அன்றிச் செய்முறையால் அணுகினால், பெயர் பதிவாகாத சமையலறைகளின் அறிவும் வரலாற்றில் இடம்பெறும்.