கிணற்றடிக் குழாயின் சத்தம்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்திலுள்ள எமது பழைய வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அக்கா அங்கு தனியே வாழ்கிறார். கிணற்றிலிருந்து மின்மோட்டார் நீரை உறிஞ்சிக் கூரைமேலுள்ள தாங்கிக்கு ஏற்றும். தாங்கியிலிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் குழாய்வழியாக நீர் இறங்கும். குடாநாட்டில் இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள ஏற்பாடுதான் இது.

நான் போய்ச் சேர்ந்த அன்றிரவு ஒன்பது மணியளவில் மோட்டாரை நிறுத்தினேன். அடுத்த கணம் சுவருக்குள்ளிருந்து ‘டமார்’ என்றொரு சத்தம் எழுந்தது. அக்கா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, யன்னலிலிருந்து விலகிச் சுவரோடு ஒதுங்கி நின்றார். பின்னர் அவரே வெட்கத்துடன் சிரித்தார். மூன்று மாதங்களாக இப்படித்தான் என்றார். அதனால் பொழுதுபட்டபின் மோட்டார் போடுவதில்லையாம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே வெளியேறிய நாள்வரை அந்த வீட்டில் இருந்தவர் அவர். அந்தச் சத்தம் அவருக்கு வெறும் குழாய்ச் சத்தமாக இருக்க முடியாது.

இன்னொரு சத்தமும் இருந்தது. மோட்டார் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் சிறு கற்கள் உருளுவது போன்ற ஓர் அரைப்பு. இவ்விரண்டையும் கேட்ட குழாய்க்கிணறு தோண்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர், கிணறு வற்றுகிறது, மோட்டார் காற்றை இழுக்கிறது, ஆகவே 120 அடிக்குத் துளையிட வேண்டும் என்று சொல்லி முற்பணமும் கேட்டிருந்தார். அக்கா சம்மதிக்கும் நிலையில் இருந்தார்.

எனக்கு அது அச்சத்தைத் தந்தது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே ஓரடி குறையும்போது கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறவும் கூடும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எம்மூரில் அறியாதவர் இல்லை. ஒரு தவறான துளை எமது கிணற்றை மட்டுமன்றி அயல் வீட்டுக் கிணற்றையும் உவராக்கிவிடலாம். ஆகவே, அந்தச் சத்தம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அறியாமல் முற்பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இவ்விடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கலிலியோ 1638 இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ பற்றிய நூலில் சாக்ரெடோ என்ற பாத்திரம் வருகிறது. நீர்த்தொட்டியொன்றில் பொருத்தப்பட்ட பம்பி, நீர் உயர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்தது, நீர் தாழ்ந்ததும் நின்றுவிட்டது. பம்பி பழுது என்றெண்ணி அவர் ஒரு தொழிலாளியை அழைக்கிறார். பிழை பம்பியில் இல்லை, தண்ணீரில்தான், அது மிகவும் கீழே போய்விட்டது, 18 முழத்துக்குமேல் எந்தப் பம்பியாலும் உறிஞ்ச முடியாது என்கிறான் தொழிலாளி. எமது அளவில் அது ஏறத்தாழ 34 அடி. தொழிலாளிக்குத் தெரிந்த எல்லை சரி. ஆனால் அதற்குக் கலிலியோ கொடுத்த விளக்கம் பிழை. நீண்ட கயிறு தன் பாரத்தால் அறுவதுபோல நீர்த்தம்பம் அறுகிறது என்று அவர் கருதினார். பம்பி நீரை இழுப்பதில்லை, வெளியிலுள்ள காற்றின் பாரமே நீரைத் தள்ளி ஏற்றுகிறது என்பதை 1644 இல் பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கியவர் அவருடைய சீடர் ரொரிசெல்லி. நடைமுறையில் உராய்வும் கசிவும் போக, எமது மோட்டார்களுக்குக் கிடைப்பது சுமார் 25 அடிதான்.

துலா மிதித்த காலத்தில் இந்த எல்லை எவருக்கும் தேவைப்படவில்லை. பட்டை எத்தனை ஆழத்துக்கும் போகும். மனிதனின் காலும் கையும் களைப்பதே எல்லை. நான் சிறுவனாக இருந்த 1960களில் மண்ணெண்ணெய் மெசின்கள் தோட்டக் கிணறுகளுக்கு வந்தன. கிணற்றுக்குள் படிவெட்டி, மெசினை நீருக்கு அருகே இறக்கி வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ரொரிசெல்லியின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

அப்படிப்பட்ட மெசின்களுடன் வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரை அழைத்தோம். எண்பதைத் தாண்டியவர். வந்ததும் அவர் மோட்டாரைத் தொடவில்லை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். மோட்டார் மட்டத்திலிருந்து நீர்மட்டம் 17 அடி. அரைமணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்தார். 18½ அடி. பின்னர் ஒரு நீண்ட திருகாணியின் முனையை மோட்டாரின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டார்.

“தம்பி, கிணத்திலை பிழையில்லை. தண்ணி வரத் தயார். வாசல்தான் அடைச்சுப்போய்க் கிடக்கு” என்றார்.

சாக்ரெடோவின் தொழிலாளி சொன்னதற்கு நேரெதிர்!

வாசல் என்று அவர் சொன்னது உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள பூட் வால்வை. நீரை உள்ளே விடும், திரும்ப விடாத அந்த வால்வையும் அதன் சல்லடையையும் மேலே எடுத்தபோது, கேத்தில் அடியில் படிவதைப் போன்ற வெண்ணிறச் சுண்ணப்படிவு கனமாக ஏறியிருந்தது. எமது தண்ணீரின் குணம் அது.

அந்த அரைப்புச் சத்தத்தின் கதையும் கேத்திலோடு சம்பந்தப்பட்டதுதான். வாசல் அடைபட்டால் மோட்டாரின் உட்புறத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, சூடில்லாமலே நீர் ஆவிக்குமிழிகளாகும். அழுத்தம் கூடிய இடத்தை அடைந்ததும் குமிழிகள் நொறுங்கும். 1890களில் பிரித்தானியக் கப்பல்களின் உந்துவிசிறிகள் வேகம் தராமல் வீணே சுழன்றபோது இவ்விடயம் பொறியியலாளர்களின் கண்ணில் பட்டது. குமிழி நொறுங்கும்போது எழும் பேரழுத்தத்தை 1917 இல் கணக்கிட்ட ரேலி பிரபு, கொதிக்கப்போகும் கேத்திலின் இரைச்சல் பற்றி ரெனோல்ட்ஸ் எழுதியதை வாசித்தபோதே அதில் தமக்கு நாட்டம் பிறந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். கல் உருளுவதுபோல் கேட்டாலும் உள்ளே கல் இல்லை. ஆனால் காலப்போக்கில் இரும்பையே அரித்துவிடும்.

இனி அந்த ‘டமார்’. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த நீர் ஒரு கணம் தயங்கித் திரும்பும். வால்வு நல்லதாயின் அந்தத் தயக்கத்திலேயே மூடிவிடும். படிவு ஏறிய வால்வு பிந்தி மூடும். அதற்குள் நீர் வேகம் பிடித்துவிடும். ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அது சுத்தியலாக மாறும். இதே வேகத்தைப் பயன்படுத்தி, 1796 இல் நீரைக்கொண்டே நீரை உயர்த்தும் கருவியைச் செய்தவர், ஆகாயக் கூண்டு விட்ட சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மொங்கோல்பியே. 1858 இல் இதைக் கணித முறையில் ஆராய்ந்த மெனாபிரியா பின்னாளில் இத்தாலியின் பிரதமரானார். பபேஜின் கணிப்பு இயந்திரத்தைப் பற்றி 1842 இல் எழுதியவரும் அவரே. குழாய்ச் சத்தத்தை ஆராய்ந்த வேறெந்தப் பிரதமரையும் நான் அறியேன்.

முழு விடையைத் தந்தவர் ரஷ்யரான ஜூக்கோவ்ஸ்கி. மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்கள் வெடித்ததன் காரணத்தை அறிய 2, 4, 6 அங்குலக் குழாய்களில் பரிசோதனை செய்து 1898 இல் அவர் முடிவுகளை அறிவித்தார். நீரின் அடர்த்தி, குழாய்க்குள் ஒலியின் வேகம், நிறுத்தப்பட்ட நீரின் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் எழும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் சடுதியாக நின்றால் சுமார் 12 வளிமண்டல அழுத்தம் எழும். பி.வி.சி. குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அது ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறையும். எமது வீட்டில் 1970களில் போட்ட இரும்புக் குழாய் சுவருக்குள் இன்னமும் இருப்பது சத்தத்தின் கடுமைக்கு ஒரு காரணம். அழுத்த அலை திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு, நீரேற்று நிலையத்தைவிட்டு வெளியே போகாமலே குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அறியலாம் என்பதையும் ஜூக்கோவ்ஸ்கி காட்டினார். எம்முடைய பெரியவர் திருகாணியை வைத்துக் கேட்டதும் ஏறத்தாழ அந்த வேலைதான்.

புதிய பூட் வால்வும், மோட்டாருக்கு மேலே சுருள்வில் வைத்த ஒருவழி வால்வும் போட்டார். உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியிலிருந்து சற்று உயர்த்திக் கட்டினார். இறைப்பதை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் செய்யாமல், காலையும் மாலையும் பிரித்துச் செய்யும்படி அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார். கீழேயுள்ள உப்பு எழும்பாமலிருக்க அது உதவும். எல்லாமாக ஒரு முற்பகல் வேலை. ஒப்பந்தக்காரர் கேட்ட முற்பணத்தில் பத்திலொன்றுகூடச் செலவாகவில்லை.

அன்றிரவு அக்கா தாமே மோட்டாரைப் போட்டார். நிறுத்தும்போது நான் குசினி வாசலில் நின்றேன். ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் உலையை அடுப்பில் வைக்கப் போய்விட்டார்.

குளியலறையில் சிறியதொரு தட்டல் மட்டும் மீதமுண்டு. பழைய குழாய்கள் பல சுற்றுச் சுற்றித்தான் மூடும். இப்போதுள்ளவை கால் சுற்றில் மூடிவிடுகின்றன. குழாயும் சுவரில் இறுகப் பிடிக்கப்படாமல் ஆடுகிறது. இரண்டு பிடிகள் அடித்தால் போதும் என்று பெரியவர் சொன்னார். அடுத்த முறை போகும்போது நானே அடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.